குறுக்கே ஓடினார் என்று எழுதியிருந்தது

எங்கள் முக்கில் நாலு ரோடு கூடுகிறது. ஒன்று விருதுநகரிலிருந்து வருகிறது, ஒன்று சிவகாசிக்குப் போகிறது, ஒன்று ஆனைக்குட்டம் அணைக்கு, நாலாவது ரோடு பட்டாசுக் கம்பெனிகளுக்கு. அந்த முக்கில் பதினெட்டு வருஷமாக ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஜெராக்ஸ், டைப்பிங், லேமினேஷன், மனு எழுதுவது எல்லாம் உண்டு. பெயர் செந்தூர்பாண்டி. நாலு கட்டடம் தள்ளிப் போலீஸ் ஸ்டேஷன் இருப்பதால் பிழைப்புக்குக் குறைவில்லை. அதைப் பார்த்துவிட்டு என் கடையை ஒட்டியே இன்னும் இரண்டு பேர் ஜெராக்ஸ் மிஷினை இறக்கிவிட்டார்கள், அது தனி வயிற்றெரிச்சல்.

முக்கில் ரோட்டுக்குக் குறுக்கே வெள்ளைப் பட்டையாகக் கோடு போட்டிருக்கிறார்கள். பக்கத்தில் ஆள் நடக்கிற படம் போட்ட நீலப் போர்டு. அந்தக் கோட்டில் ஒருத்தர் கால் வைத்துவிட்டால் வண்டிக்காரன் நின்றாக வேண்டும், நடக்கிறவருக்குத்தான் அங்கே முதல் உரிமை. சாலைப் பாதுகாப்பு வாரத்துக்கு இந்த வாசகத்தை நோட்டீஸாக டைப் அடித்துக் கொடுத்தவனே நான்தான். டைப் அடித்தவன் நம்ப வேண்டும் என்று கட்டாயமா என்ன? கோட்டைப் பார்த்து ஒரு வண்டி நின்று நான் பார்த்ததில்லை. மாடு படுத்திருந்தால் ஒதுங்கிப் போவான். மனிதன் நின்றால் ஹாரன் அடிப்பான். நானும் என் ஸ்கூட்டரில் அடித்திருக்கிறேன், பொய் சொல்ல மாட்டேன்.

எங்கள் முக்கில் அந்தக் கோட்டின் மேலேயே நடந்து ரோட்டைக் கடக்கிற ஒரே ஆள் சோலையம்மாள். கோட்டை நம்பி நடக்கிறாள் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அவள் எதையும் நம்புகிற பிறவி இல்லை. பால் பாக்கெட்டில் தேதியைப் பார்ப்பாள், பார்த்த பிறகு தேதியையும் நம்பாமல் மோந்து பார்ப்பாள். டீக்கடையில் கிளாஸைத் தானே கழுவித்தான் நீட்டுவாள். கம்பெனி வேன் டிரைவர் முனியராஜை தினமும் காலையில் ஊதச் சொல்லி, வாடை இல்லை என்று தெரிந்த பிறகுதான் படியில் கால் வைப்பாள். முனியராஜ் பீடிகூடத் தொடாத ஆள். இருந்தும் தினமும் ஊதுவான்.

அவளுக்கு ஐம்பத்துநாலு வயது. பிறந்தது மல்லாங்கிணறு பக்கம், மழை பெய்தால் கம்பு, பெய்யாவிட்டால் ஒன்றும் இல்லை என்கிற காட்டில். இருபது வயதுக்குள் வெள்ளைத்துரையைக் கட்டிக்கொண்டு ஆனைக்குட்டத்துக்கு வந்தாள். புருஷன், பெண்டாட்டி இரண்டு பேரும் ஒரே பட்டாசுக் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தார்கள். அவள் குழாயில் வெடிமருந்து செலுத்துகிற இடத்தில், அவர் மருந்துத் தட்டு சுமந்து கொண்டுபோய்க் கொடுக்கிற வேலையில். ஒரே மகள் பானுப்பிரியாவைக் காரியாபட்டியில் கட்டிக் கொடுத்திருக்கிறார்கள். முப்பது வருஷத்துக்கு மேல் அந்த வேலையில் இருந்தும் இரண்டு பேர் மேலும் ஒரு தீக்காயம் கிடையாது. பட்டாசு வேலையில் அதைவிடப் பெரிய பேர் வேறு இல்லை.

காலை ஏழு பத்துக்கு ரோட்டுக்கு அந்தப் பக்கம் டவுன் பஸ்ஸில் வந்து இறங்குவாள். கம்பெனி வேன் இந்தப் பக்கம், என் கடை முன்னால் நிற்கும். மற்ற பெண்கள் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஒரு கையை நீட்டி, இடம் கிடைத்ததும் குபுகுபுவென்று ஓடி வருவார்கள். சோலையம்மாள் கோட்டில் ஏறுவாள். நடப்பாள். வண்டி நெருங்கினால் இருந்த இடத்தில் அப்படியே நின்றுவிடுவாள். இரண்டு கையும் உடம்போடு ஒட்டியிருக்கும், கால் சேர்ந்திருக்கும். முன்னாலும் வைக்க மாட்டாள், பின்னாலும் வைக்க மாட்டாள். டிரைவர்கள் திட்டிக்கொண்டே வளைத்து ஓட்டிப் போவார்கள். வண்டி போனதும் திரும்ப நடப்பாள்.

பயத்தில் வெலவெலத்து நிற்கிறாள் என்றுதான் முதலில் நினைத்தேன். ஒருநாள் பார்க்கப் பொறுக்காமல் கேட்டுவிட்டேன்.

"ஏம்மா, வண்டி வரும்போது நடு ரோட்டுல இப்பிடியா நிப்பாக? ஓடி வந்துர வேண்டியதுதான?"

"ஓடவா?" என்றாள். நான் ஏதோ களவெடுக்கச் சொன்னது போல இருந்தது அவள் பார்வை. "எங்க கம்பெனி வேலிக்குள்ள யாரும் ஓட மாட்டோம் அண்ணாச்சி. மருந்துத் தட்டு தூக்கிட்டு ஒருத்தர் வாராருன்னா, வெறுங்கையில இருக்கவுக எங்கன இருக்கமோ அங்கனயே நின்னுரணும். ஒதுங்குறேன்னு ஒரு எட்டு வச்சாக்கூட தூக்கிட்டு வாறவருக்குத் தடுமாறிரும். தட்டு கைய விட்டுச்சுன்னா அம்புட்டுப் பேரும் போயிருவோம். நின்னா, அவரு பாத்து வெலகிப் போவாரு. முப்பது வருசம் நின்ன காலு. ரோட்டுக்கு வந்தா மட்டும் ஓடிருமா?"

"இது ரோடும்மா. லாரிக்காரன் பாத்து வெலகிப் போவான்னு என்ன நிச்சயம்?"

"கோட்டுல இருக்க ஆளுக்குத்தான் மொத உரிமைன்னு நோட்டீஸ் அடிச்சுக் குடுத்தது யாரு? நீங்கதான?" என்று சொல்லிவிட்டு முனியராஜை ஊதச் சொல்லப் போய்விட்டாள்.

வெள்ளைத்துரை செத்தது இதே கோட்டில்தான். இப்போது இரண்டரை வருஷம் ஆகிறது. தீபாவளிக்கு முந்தின சீசன், சாயங்காலம் ஐந்தே முக்கால் மணி. கம்பெனி வேனில் வந்து இறங்கி, பஸ் ஏறுவதற்காக அந்தப் பக்கம் போகும்போது லாரி அடித்துவிட்டது. சோலையம்மாள் அன்றைக்குக் காய்ச்சலில் வேலைக்குப் போகவில்லை. நானும் அன்றைக்குக் கடையில் இல்லை, மகள் பிரீத்திகாவுக்கு வரன் பார்க்க விருதுநகர் போயிருந்தேன். மறுநாள் காலையில் வந்தபோது கோட்டின் மேல் மண்ணைப் போட்டு மூடியிருந்தார்கள்.

சில மாதம் கழித்து அவளுக்கு ஸ்டேஷனிலிருந்து ஒரு பேப்பர் கொடுத்தார்கள். வழக்கு முடிந்துவிட்டது என்கிற பேப்பர். அதில் இப்படி ஒரு வரி. "நேரில் கண்ட சாட்சியின் வாக்குமூலப்படி, இறந்தவர் வாகனம் வருவதைக் கவனிக்காமல் திடீரெனச் சாலையின் குறுக்கே ஓடினார்." ஆக, தப்பு செத்தவர் மேல். லாரிக்காரன் அடுத்த லோடு ஏற்றப் போய்விட்டான்.

அந்த ஒரு வரிதான் சோலையம்மாளை இரண்டரை வருஷமாகத் தின்றது. அவர் ஓட மாட்டார். இது அவளுக்குச் சந்தேகமே இல்லாமல் தெரிந்த ஒரே விஷயம். ஊரில் துக்கம் விசாரிக்க வந்தவர்கள்கூட, "பாத்துப் போயிருக்கலாம், என்னத்துக்கு ஓடுனாரு?" என்றார்கள். கம்பெனியில் அவர் கூட வேலை பார்த்தவர்கள் ஒன்றும் சொல்லாமல் தலையைக் குனிந்துகொண்டார்கள், அது இன்னும் மோசம். ஓடுகிற ஆளை அவர்கள் பக்கத்தில் உட்கார வைக்க மாட்டார்கள். தட்டு சுமக்கிறவர் ஓடினார் என்று ஒரு பேச்சு வந்தால், அவர் செய்த வேலை முழுக்கப் பொய் என்று ஆகிவிடும். "செத்தது விதின்னு விட்டுருவேன் அண்ணாச்சி, ஓடுனாருன்னு எளுதுனத விட மாட்டேன்" என்று என்னிடம் ஒருமுறை சொன்னாள். நஷ்ட ஈட்டுக்கு அடி போடுகிறாள் என்று நான் நினைத்தேன். எனக்கும் சந்தேகம் கொஞ்சம் அதிகம்தான்.

அந்தப் பேப்பரை ஒரு மத்தாப்புப் பெட்டிக்குள் வைத்திருப்பாள். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கடைக்கு வந்து ஒரு ஜெராக்ஸ் எடுப்பாள். எடுத்துக் கொடுத்ததும், "அந்த வரிய ஒருக்கா வாசிங்க அண்ணாச்சி" என்பாள். நானும் வாசிப்பேன். வாசிக்கும்போது அவள் பேப்பரைப் பார்க்க மாட்டாள், என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். எழுத்துத் தெரியாதவள் வேறு எதைப் பார்ப்பாள் என்று நினைத்துக்கொள்வேன். "இந்தச் சாட்சி யாருன்னு போட்டிருக்கா?" என்பாள். போட்டிருக்காது. ஸ்டேஷனில் போய்க் கேட்டால், முடிந்த வழக்கு என்று விரட்டிவிடுவார்கள். பெட்டியை மூடிக்கொண்டு போய்விடுவாள்.

இப்படியே போயிருக்கும். இந்த வருஷம் தைப் பொங்கல் முடிந்து ஒரு வெள்ளைக் கார் வந்தது.

காலை ஏழு பத்து. சோலையம்மாள் கோட்டில் ஏறினாள். விருதுநகர் பக்கமிருந்து வந்த கார் கோட்டுக்கு நாலடி முன்னால் சுத்தமாக நின்றது. அவளும் பழக்கப்படி நின்றாள். கார் போகும் என்று அவள் நிற்க, அவள் போவாள் என்று கார் நிற்க, பின்னால் மினி பஸ்ஸும் டெம்போவும் ஹாரனை அமுக்கிக்கொண்டே நின்றன. டீக்கடையில் எல்லோரும் கிளாஸும் கையுமாக வெளியே வந்து பார்த்தார்கள். கடைசியில் அவள் வந்த வழியே திரும்பிப் போய்விட்டாள். அன்றைக்கு வேனைக் கோட்டைவிட்டாள்.

மறுநாளும் அதே கார், அதே இடம். நாலாம் நாள் உள்ளே இருந்தவர் கண்ணாடியை இறக்கிக் கையை நீட்டி, "போங்கம்மா" என்றார். அவள் நகரவில்லை. காரின் முன்பக்கத்தைக் காட்டி, அணை என்று கையால் சைகை செய்தாள். அவர் இன்ஜினை அணைத்தார். சத்தம் நின்றதைக் காதால் கேட்ட பிறகுதான் நடந்தாள். அதிலிருந்து தினமும் இதே கூத்து. ஞாயிற்றுக்கிழமை தவிர எல்லா நாளும் அந்த மனிதர் அவளுக்காக நின்று, இன்ஜினை அணைத்து, அவள் வேனில் ஏறுகிற வரை காத்திருந்து போனார்.

வேறு ஊராக இருந்தால் இதற்குச் சந்தோஷப்பட்டிருப்பார்கள். சோலையம்மாளுக்குத் தூக்கம் போய்விட்டது.

"எதுக்கு நிக்கான்?" என்று என் கடையில் வந்து உட்கார்ந்துவிட்டாள். "இந்த ரோட்டுல ஆம்புலன்ஸுக்கே ஒருத்தன் நிக்க மாட்டான். எனக்கு நிக்கான்னா அதுல என்னமோ இருக்கு."

"நல்ல மனுசனா இருக்கலாம்லம்மா."

"நல்ல மனுசன் ஒருநா நிப்பான். ரெண்டுநா நிப்பான். தெனமுமா நிப்பான்? கம்பெனி ஆளு எவனும் நம்மள வேவு பாக்கானோ? இல்ல, பானுப்பிரியா வீட்டுக்காரன் ஏதும் வம்ப இழுத்து வச்சிருக்கானோ?" குரலை இறக்கி, "இல்ல, அன்னைக்கு அந்த லாரிக்குள்ள இருந்தவனா?" என்றாள்.

எனக்கும் அது மனதில் ஓடிக்கொண்டுதான் இருந்தது. செய்த பாவத்துக்குத் தினமும் காலையில் பரிகாரம் செய்கிறான் போல என்று டீக்கடையிலும் பேசிக்கொண்டார்கள். கார் நம்பரைக் குறித்துக்கொண்டேன். ஆளைக் கண்டுபிடிக்க அது தேவைப்படவில்லை. அடுத்த வாரமே ஒரு மத்தியானம் அந்த வெள்ளைக் கார் என் கடை முன்னால் வந்து நின்றது. லேமினேஷன் போட வந்திருந்தார். சரவணக்குமார், சிவகாசியில் காலண்டர் அச்சடிக்கிற பிரஸ் வைத்திருக்கிறவர், நாற்பது வயதிருக்கும். முன்னால் எப்போதோ பார்த்த முகமாகத் தெரிந்தது.

சூடான மிஷினில் கார்டைத் தள்ளிக்கொண்டே, சும்மா கேட்பது போலக் கேட்டேன். "தெனமும் அந்தம்மாவுக்கு நிக்கிறீகளே, சொந்தமா?"

அவர் வாசலைத் திரும்பிப் பார்த்தார். கடையில் வேறு ஆள் இல்லை. "என்ன அண்ணாச்சி, தெரியாத மாதிரி கேக்கீக? நீங்கதான டைப் அடிச்சீக" என்றார்.

எனக்கு விளங்கவில்லை. அவரே சொன்னார். அன்று லாரிக்குப் பின்னால், முந்துவதற்காக வலது பக்கம் விலகி, அவர் காரில் வந்துகொண்டிருந்தார். அந்த மனிதர் கோட்டின் மேல் நின்றுகொண்டிருந்ததைப் பார்த்தார். ஓடவில்லை, ஒதுங்கவில்லை, கையைக் காலை ஆட்டவில்லை. லாரிதான் நிற்கவில்லை. இரண்டு நாள் கழித்து ஸ்டேஷனில் கூப்பிட்டு விசாரித்தபோது இதைத்தான் சொன்னார். ஸ்டேஷனில் பிரிண்டர் ரிப்பேர். ஏட்டு அவரைக் கூட்டிக்கொண்டு என் கடை வாசலுக்கு வந்து, "விபத்து சாட்சி ஒண்ணு அண்ணாச்சி, வழக்கம்போலப் போட்டுருங்க" என்றார். நான் போட்டேன். பிரஸ்ஸில் சீசன் ஆர்டர் தலைக்கு மேல் கிடந்தது, சரவணக்குமார் வாசித்துப் பார்க்காமல் கையெழுத்தைப் போட்டுவிட்டுப் போனார்.

"போன்ல ஒரு போட்டோ எடுத்து வச்சிருந்தேன். ஒரு மாசம் கழிச்சுத்தான் வாசிச்சேன். ஓடுனாருன்னு இருக்கு. ஸ்டேஷன்ல போயிச் சொன்னா, கையெழுத்துப் போட்டது நீங்கதானன்னுட்டாக. அதோட விட்டுட்டேன் அண்ணாச்சி. மறந்துகூடப் போயிட்டேன். பொங்கல் கழிஞ்சு இந்த வழியா வாரேன், அந்தம்மா கோட்டுல நிக்காக. அதே மாதிரி. ஒட்டுன கை, சேத்த காலு. அவரு சம்சாரம்தான்னு யாரும் சொல்லணுமா? எறங்கிப் பேசத் தைரியம் வரல. வண்டியையாவது நிப்பாட்டலாம்னு நிப்பாட்டுதேன்."

அவர் போன பிறகு ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுக் கம்ப்யூட்டரைத் திறந்தேன். 'விபத்து சாட்சி' என்று ஒரு ஃபோல்டர் உண்டு. உள்ளே ஒரு மாதிரிப் படிவம் இருக்கும். பெயர், தேதி, நேரம், வண்டி நம்பர் எல்லாம் புள்ளி வைத்த காலி இடம். மற்ற வாசகம் எல்லாம் முன்பே அடித்து வைத்தது. அதில் ஒரு வரி, "வாகனம் வருவதைக் கவனிக்காமல் திடீரெனச் சாலையின் குறுக்கே ஓடினார்." என் கையால், கடை திறந்த வருஷம் அடித்த வரி. யாரும் எனக்கு லஞ்சம் தரவில்லை, யாரும் மிரட்டவில்லை. விபத்து என்றால் ஆள் குறுக்கேதான் ஓடியிருப்பார் என்று நானே முடிவு செய்து அடித்து வைத்திருந்தேன். சோலையம்மாளுக்கு எத்தனை தடவை அந்த வரியை வாசித்துக் காட்டினேன். போலீஸ் பாஷை என்றே நினைத்து வாசித்தேன்.

ஃபோல்டரில் இருந்த மற்றவற்றையும் திறந்து பார்த்தேன். ரோட்டைக் கடக்கும்போது அடிபட்டவர்கள் மட்டும் நாற்பத்தொரு பேர். நாற்பத்தொரு பேரும் ஓடியிருக்கிறார்கள். கால் ஊனமான பாலம்மாள் என்று ஒரு பாட்டியை எனக்கு நன்றாகத் தெரியும், கம்பு ஊன்றித்தான் நடப்பார், அவரும் ஓடியிருக்கிறார். எனக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட, சோலையம்மாளுக்குத் தெரிந்தால் என்ன செய்வாள் என்று பயமாக இருந்தது.

பத்து நாள் அவள் கண்ணில் படாமல் தப்பித்தேன். ஏழு மணிக்குத் திறக்கிற கடையை எட்டுக்குத் திறந்தேன். பதினோராம் நாள் சாயங்காலம், வேலை முடிந்து வந்த கையோடு மத்தாப்புப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கடைக்குள் ஏறிவிட்டாள்.

"ஒரு ஜெராக்ஸு" என்றாள். எடுத்துக் கொடுத்தேன். "அந்த வரிய வாசிங்க."

வாசிக்கத் தொடங்கினேன். 'திடீரென' வரை வந்தது, அதற்கு மேல் வரவில்லை. தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்ப வாசித்துப் பார்த்தேன். அதே சொல்லில் நின்றுவிட்டேன்.

"இன்னைக்குத்தான் மூஞ்சி மாறுது" என்றாள் சோலையம்மாள். பேப்பரை என் கையிலிருந்து வாங்கி, விரல் வைத்து, ஒவ்வொரு எழுத்தாக அந்த வரியை அவளே முழுசாக வாசித்தாள். நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன்.

"அஞ்சாப்பு வரைக்கும் படிச்சிருக்கேன் அண்ணாச்சி, எனக்கு வாசிக்கத் தெரியும். ஸ்டேஷன்ல பிரிண்டர் ரிப்பேரு, வெளிய ஜெராக்ஸ் கடையில டைப் அடிச்சதுன்னு அந்த ஏட்டு அப்பமே சொல்லிட்டாரு. எந்தக் கடைன்னுதான் சொல்லல. வரிசையா மூணு கடை இருக்கு. மூணுலயும் போயி வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். எவன் பொய் எளுதுனானோ அவனுக்கு வாசிக்கும்போது நாக்கு கொளறும்னு நெனச்சேன். மத்த ரெண்டு பேரும் சும்மா வாசிச்சாக. நீங்களும் ரெண்டு வருசம் சும்மாதான் வாசிச்சீக."

"அது நான் அடிச்சதுன்னு எனக்கே தெரியாதும்மா" என்றேன். சொல்லும்போதே அது எவ்வளவு கேவலமான பதில் என்று தெரிந்தது. மற்றதையும் சொன்னேன். சரவணக்குமார் பார்த்தது, சொன்னது, நான் போட்டது, ஃபோல்டர், எதையும் மறைக்கவில்லை.

அவள் என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. 'நின்றுகொண்டிருந்தார்' என்று சரவணக்குமார் சொன்னதை மட்டும் திரும்பச் சொல்லச் சொன்னாள். சொன்னேன். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

பிறகு, "நாளைக்குக் காலையில ஏளு பத்துக்கு அந்தப் பக்கம் வாங்க. எங்கூட ஒருக்கா இங்கிட்டு வரணும்" என்றாள்.

எதற்கு என்று சொல்லவில்லை. இரவு முழுக்க அதுதான் யோசனை. ஊரைக் கூட்டிவைத்து நாக்கைப் பிடுங்குகிற மாதிரிக் கேட்கப் போகிறாளா? மகளின் வீட்டுக்காரனைக் கூட்டிக்கொண்டு வருவாளா? போகாமல் இருந்துவிடலாமா என்றும் பார்த்தேன். போனேன்.

அந்தப் பக்கம் அவள் மட்டும்தான் நின்றாள். "வாங்க" என்று கோட்டில் ஏறினாள். நானும் அவள் பக்கத்தில் ஏறினேன். பதினெட்டு வருஷத்தில் அந்தக் கோட்டின் மேல் நடப்பது எனக்கு அதுதான் முதல் தடவை. ஆறு பட்டை தாண்டியிருப்போம். சிவகாசிப் பக்கமிருந்து மினி பஸ் ஒன்று ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டு வந்தது. சோலையம்மாள் நின்றாள். நானும் நிற்கத்தான் நினைத்தேன், சத்தியமாக. உடம்பு கேட்கவில்லை. வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒரே ஓட்டம். என் கடைப் படியில் ஏறித்தான் நின்றேன். ஒரு கால் செருப்பைக் காணோம்.

திரும்பிப் பார்த்தேன். மினி பஸ் அவளை வளைத்துக்கொண்டு போயிருந்தது. செருப்பு கோட்டின் மேல் கிடந்தது. அதற்குப் பக்கத்தில் அவள் நின்ற இடத்திலேயே நின்றாள், கை ஒட்டி, கால் சேர்ந்து. வெள்ளைக் கார் வந்து நின்றது, இன்ஜின் அணைந்தது. அவள் நிதானமாக நடந்து வந்தாள். டீக்கடையில் யாரோ என்னைப் பார்த்துச் சிரித்தார்கள்.

படிக்குக் கீழே வந்து நின்று, மூச்சு வாங்கிக்கொண்டிருந்த என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள்.

"ஓடுறதுன்னா இதுதான் அண்ணாச்சி. ஓடுனது நீங்க" என்றாள். "அவரு நின்னாரு. அத எளுதுங்க."

அன்றைக்கே சரவணக்குமாரை வரவழைத்தேன். அவர் வாயால் சொல்லச் சொல்ல, எந்தப் படிவமும் இல்லாமல், வெற்றுத் தாளில் அடித்தேன். இந்த முறை இரண்டு தடவை வாசித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார். என் பங்குக்கு, அந்தப் பழைய வரியை நான் எப்படிப் போட்டேன் என்று தனியாக ஒரு தாளில் எழுதி நானும் கையெழுத்துப் போட்டேன். விருதுநகரில் பெரிய போலீஸ் ஆபீஸில் கொண்டுபோய்க் கொடுத்து ரசீது வாங்கியிருக்கிறோம். முடிந்த வழக்கைத் திறப்பார்களா, மாட்டார்களா, எனக்குத் தெரியாது. ரசீதில் குத்தின சீல் நிஜந்தானா என்று சோலையம்மாள் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். கம்ப்யூட்டரில் அந்தப் படிவத்தில் இப்போது அந்த வரி இருந்த இடத்தில் புள்ளிதான் இருக்கிறது. 'என்ன செய்துகொண்டிருந்தார் என்று கேட்டு எழுதவும்' என்று எனக்கு நானே ஓரத்தில் குறித்து வைத்திருக்கிறேன்.

ஆபீஸிலிருந்து திரும்பி வந்து புதுத் தாளில் ஒரு ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தேன். சோலையம்மாள் விரல் வைத்து வாசித்தாள். "கோட்டின் மேல் அசையாமல் நின்றுகொண்டிருந்தார்." இன்னொரு முறையும் வாசித்தாள். மடித்து மத்தாப்புப் பெட்டிக்குள் வைக்கப் போனவள் நின்று, தாளை என்னிடம் நீட்டினாள்.

"இப்ப நீங்க வாசிங்க" என்றாள்.

நான் வாசித்தேன். கடைசி எழுத்து முடிகிற வரை அவள் தாளைப் பார்க்கவில்லை, என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.